நிலவில் தொலைந்த ‘எ’: பதினொரு சொல் வாக்கியம் ஒன்றின் இலக்கண ஆய்வு

1969 ஜூலை 20 இரவு, அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி மணி 10.56. இந்தியாவில் அது ஜூலை 21 காலை 8.26. நீல் ஆம்ஸ்ட்ராங் விண்கலத்தின் கால்தட்டில் நின்றபடி இடது காலை எடுத்து நிலவின் மண்ணில் வைத்தார். பூமிக்கு வந்த ஒலியில் உலகம் கேட்ட வாக்கியம்: “தட்ஸ் ஒன் ஸ்மால் ஸ்டெப் ஃபார் மேன், ஒன் ஜயன்ட் லீப் ஃபார் மேன்கைண்ட்.”

ஆங்கிலத்தில் எண்ணினால் பதினொரு சொல். பன்னிரண்டு இருந்திருக்க வேண்டும். தான் சொல்ல நினைத்தது “ஃபார் எ மேன்” என்று ஆம்ஸ்ட்ராங் பின்னாளில் பலமுறை விளக்கினார். எழுதும்போது அந்த ‘எ’வை அடைப்புக்குறிக்குள் போட்டுக்கொள்ளலாம் என்பதே அவர் விருப்பம். நாசாவின் எழுத்துப்படியிலும் அது அப்படித்தான் இருக்கிறது.

தமிழ் வழியாக ஆங்கிலத்துக்கு வருகிறவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடமும் இதே சொல்தான். அதனால் இந்த வாக்கியத்தையும், அதே நிலவுப் பயணத்தைச் சுற்றி எழுந்த இன்னும் சில புகழ்பெற்ற வாக்கியங்களையும் எடுத்து, டிடர்மினர், பிரதிப்பெயர் என்ற இரண்டு உறுப்புகளை மட்டும் பிரித்துப் பார்க்கலாம். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்று அது எது, எத்தனை, யாருடையது என்று வரையறுக்கும் சொல் டிடர்மினர்: எ, தி, திஸ், மை, ஒன், ஆல், சம் போன்றவை. பெயர்ச்சொல் உட்காரும் இடத்தில் அதற்குப் பதிலாக உட்காரும் சொல் பிரதிப்பெயர்.

‘எ’ போனால் பொருள் எங்கே போகிறது

ஆங்கிலத்தில் எண்ணக்கூடிய பெயர்ச்சொல் ஒருமையில் வந்தால் அதன் முன் ஸீட் காலியாக இருக்கக் கூடாது. ‘எ’ உட்காரலாம், ‘தி’ உட்காரலாம், ‘மை’, ‘திஸ்’, ‘ஒன்’, ‘எவ்ரி’ எதுவும் உட்காரலாம். யாராவது ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும். ‘ஸ்டெப்’, ‘லீப்’ இரண்டுக்கும் முன்னால் ‘ஒன்’ இருக்கிறது. சிக்கல் ‘மேன்’ என்ற சொல்லில் மட்டும்தான்.

காரணம், ‘மேன்’ விதிவிலக்கான சொல். ஸீட் காலியாக வந்தால் அது ஓர் ஆளைக் குறிக்காது, மனித இனம் முழுவதையும் குறிக்கும். “மேன் இஸ் மார்ட்டல்” என்று பள்ளியில் படித்த வாக்கியத்தில் இருப்பது இந்த ‘மேன்’. ஆக “ஃபார் மேன்” என்பதும் “ஃபார் மேன்கைண்ட்” என்பதும் ஒரே பொருள். கேட்டபடியே எடுத்துக்கொண்டால் வாக்கியம் இப்படி ஆகிறது: மனித இனத்துக்கு இது சின்ன அடி, மனித இனத்துக்கு இது பெரிய பாய்ச்சல். முதல் பாதி சொன்னதை இரண்டாம் பாதி அடித்துவிடுகிறது. ‘எ’ இருந்தால் ஒருவர் ஒரு பக்கம், உலகம் முழுவதும் மறுபக்கம் என்று தராசு நேராக நிற்கும்.

“மேன் இஸ் மார்ட்டல்” நமக்குச் செய்த கெடுதலை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அதை அச்சாக வைத்துக்கொண்டு மாணவர்கள் “டாக் இஸ் ஃபெய்த்ஃபுல் அனிமல்” என்று எழுதுகிறார்கள். அதில் இரண்டு ஸீட் காலி. ‘மேன்’ போல வெறுமனே நின்று இனத்தைக் குறிக்கும் உரிமை ‘டாக்’குக்குக் கிடையாது, ‘டைகர்’, ‘டீச்சர்’, ‘கம்ப்யூட்டர்’ எதற்கும் கிடையாது. இனத்தைப் பற்றிப் பேச மூன்று வழி உண்டு. “டாக்ஸ் ஆர் ஃபெய்த்ஃபுல் அனிமல்ஸ்” என்ற பன்மை வழியில் ஆர்ட்டிக்கிளே (எ, ஆன், தி) தேவையில்லை. சந்தேகம் வந்தால் இதையே எடுத்துக்கொள்ளலாம், தவறு நுழைய இடம் குறைவு. “எ டாக் இஸ் எ ஃபெய்த்ஃபுல் அனிமல்” என்பது ஏதாவது ஒரு நாயை எடுத்துப் பார்த்தாலும் அப்படித்தான் என்கிற வரையறை வழி. “தி டாக்” என்று தொடங்கினால் பாடப்புத்தகத் தொனி வரும். மூன்றில் எதை எடுத்தாலும், ஒருமையில் வரும் ‘அனிமல்’ தனக்கு ஓர் ‘எ’ கேட்கும்.

அவர் ‘எ’ சொன்னாரா, சொல்லவில்லையா

2006இல் ஆஸ்திரேலியக் கணினி நிரலாளர் ஒருவர் அந்த ஒலிப்பதிவை மென்பொருளில் ஆராய்ந்து, ‘எ’ சொல்லப்பட்டது, ஆனால் 35 மில்லிவிநாடியே நீடித்ததால் காதுக்கு எட்டவில்லை என்றார். ஒலியியல் தெரிந்த மொழியியலாளர்கள் சிலர் அதை ஏற்கவில்லை. 2013இல் மிச்சிகன் ஸ்டேட், ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். ஆம்ஸ்ட்ராங் பிறந்த ஊர் ஒஹாயோ மாநிலத்தின் வாபகொனெட்டா. அதே மாநிலத்தின் கொலம்பஸில் வளர்ந்த 40 பேரின் இயல்பான பேச்சுப் பதிவுகளில் “ஃபார் எ” வரும் 191 இடங்களை எடுத்து, அதே ஆட்கள் வெறும் “ஃபார்” சொன்ன இடங்களோடு நீளத்தை ஒப்பிட்டார்கள். இரண்டின் நீளமும் பெரும்பாலும் ஒன்றோடொன்று மேவிக் கிடந்தன. ஆம்ஸ்ட்ராங்கின் சொல் எந்தப் பக்கத்திலும் சேரும் நீளத்தில் இருந்தது. ஒலியை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது என்ற இடத்தில் வழக்கு நிற்கிறது.

இதன் காரணம் தமிழருக்கு எளிதில் விளங்கும். ‘எ’ என்று எழுதினாலும் பேச்சில் அது அழுத்தமற்ற, வாயை முழுக்கத் திறக்காத ‘அ’. அமெரிக்கப் பேச்சில் ‘ஃபார்’ சுருங்கி ‘ஃபர்’ ஆகும். ரகரத்தின் வாலிலேயே அந்த அரை ‘அ’ ஒட்டிக்கொள்ளும். நம் மொழியின் உகரம் செய்யும் வேலைதான் இது. அது + எப்படி, ‘அதெப்படி’ ஆகும்போது நடுவில் இருந்த உகரம் எங்கே என்று யாரும் தேடுவதில்லை. சொல்கிறவருக்கு அதை விட்டுவிட்டோம் என்ற உணர்வே இருக்காது.

கற்பவருக்கு இதில் ஒரு நடைமுறைப் பாடம் உண்டு. படமும் சீரியலும் பார்த்தே ஆங்கிலம் பிடித்தவர்களிடம் சொல்வளமும் வேகமும் இருக்கும், ஆர்ட்டிக்கிள் மட்டும் இருக்காது. காதில் விழாத சொல்லைக் காது எப்படிக் கற்றுக்கொடுக்கும்? ஆர்ட்டிக்கிளைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். ஒரு பத்தி அச்சான ஆங்கிலத்தை எடுத்து எ, ஆன், தி மூன்றையும் வெள்ளை மையால் அழித்துவிட்டு, மறுநாள் நிரப்பிப் பார்த்து மூலத்தோடு ஒப்பிடுவது மலிவான, நல்ல பயிற்சி.

பயிற்சிக்கு எடுக்கும் அச்சு, செய்தித்தாளின் தலைப்பாக இருக்கக் கூடாது. நிலவிறக்கத்துக்கு மறுநாள் நியூயார்க் டைம்ஸ் போட்ட தலைப்பு “மென் வாக் ஆன் மூன்”. ‘மூன்’ முன்னால் ‘தி’ இல்லை. தலைப்புக்கு இடம் சிக்கனம், ஆர்ட்டிக்கிளை வெட்டுவது அங்கே மரபு. அதே செய்தியின் உடலில் ‘தி மூன்’ என்றுதான் இருக்கும். தந்தி, மருந்துச் சீட்டு, அறிவிப்புப் பலகை, இயந்திரத்தின் மேல் ஒட்டிய குறிப்பு எல்லாம் இதே ரகம். “ஷேக் வெல் பிஃபோர் யூஸ்” என்பது பாட்டிலில் சரி, மின்னஞ்சலில் அந்த நடை எடுபடாது.

எட்டு ஆண்டுக்கு முன் இருந்த ‘எ’

1961 மே 25. அமெரிக்க நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் அதிபர் கென்னடி சொன்னார்: “ஐ பிலீவ் தட் திஸ் நேஷன் ஷுட் கமிட் இட்செல்ஃப் டு அச்சீவிங் தி கோல், பிஃபோர் திஸ் டெக்கேட் இஸ் அவுட், ஆஃப் லேண்டிங் எ மேன் ஆன் தி மூன் அண்ட் ரிட்டர்னிங் ஹிம் சேஃப்லி டு தி எர்த்.”

ஒரே வாக்கியத்தில் டிடர்மினர் ஆறு, பிரதிப்பெயர் மூன்று. திஸ், தி, திஸ், எ, தி, தி ஒரு பக்கம். ஐ, இட்செல்ஃப், ஹிம் மறுபக்கம். ‘பிலீவ்’ அடுத்து வரும் ‘தட்’ இரண்டிலும் சேராது, அது ‘என்று’ என்பதன் வேலையைச் செய்யும் இணைப்புச் சொல். ‘தட்’ எங்கே வந்தாலும் ‘அந்த’ என்று பொருள் கொள்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

“எ மேன்” என்ற இடத்தில் கென்னடி யாரையும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை. யாரோ ஒருவர். அப்போது ஆளே தேர்வாகியிருக்கவில்லை. கேட்பவரால் ‘எந்த ஆள்’ என்று சொல்ல முடியாது, ஆகவே ‘எ’. “தி கோல்” அப்படியல்ல. இந்தப் பேச்சில் அந்தக் குறிக்கோள் முதல்முறையாக வருகிறது, ஆனாலும் ‘தி’. முதல்முறை ‘எ’, இரண்டாம் முறை ‘தி’ என்று வகுப்பில் சொல்லித்தரும் விதி பாதி உண்மை. முழு உண்மை: கேட்பவரால் எது என்று அடையாளம் காண முடியுமானால் ‘தி’. முன்பே சொன்னதால் அடையாளம் தெரியலாம். பின்னால் வரும் ‘ஆஃப் லேண்டிங்’ என்ற தொடரால் தெரியலாம். உலகத்தில் அது ஒன்றே ஒன்று என்பதால் தெரியலாம். ‘தி மூன்’ கடைசி வகை. எந்த நிலா என்று யாரும் கேட்கப் போவதில்லை. வியாழனைச் சுற்றும் நிலவுகளில் ஒன்று என்றால் அதே சொல் ‘எ மூன்’ ஆகிவிடும். செவ்வாய்க்கு ‘மார்ஸ்’ என்று தனிப்பெயர் இருப்பதால் ‘தி’ தேவைப்படுவதில்லை. ‘எர்த்’ இரண்டு கட்சியிலும் கால் வைத்திருக்கிறது. “டு தி எர்த்” என்று கென்னடி சொன்னதும் சரி, “டு எர்த்” என்பதும் சரி. “தி பிளானட் எர்த்” என்று வகைப்பெயரைச் சேர்த்தால் ‘தி’ உள்ளே வரலாம்.

இந்தக் கடைசி நுணுக்கம் நம் ஊர்ச் செய்திகளுக்கு நேரடியாக உதவும். சந்திரயான்-3, 2023 ஜூலை 14 அன்று ஏவப்பட்டு ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கியது. “சந்திரயான்-3 வாஸ் லாஞ்ச்ட்” என்னும்போது ‘தி’ வேண்டாம், அது தனிப்பெயர். “தி சந்திரயான்-3 மிஷன்” என்னும்போது கட்டாயம் வேண்டும், ஏனென்றால் இப்போது தலைமைச் சொல் ‘மிஷன்’ என்ற பொதுப்பெயர். ‘விக்ரம்’ தனியாக, ‘தி விக்ரம் லேண்டர்’ தியோடு. ஒரே பத்தியில் இரண்டும் மாறிமாறி வரலாம். கப்பல் பெயர்களுக்குமட்டும் ‘தி’ போடும் பழைய வழக்கம் உண்டு. தன் கலமான ஈகிளைப் பற்றி “தி ஈகிள் ஹாஸ் லேண்டட்” என்று ஆம்ஸ்ட்ராங் சொன்னது அந்தச் சாயல். அதற்கு முந்தைய வாக்கியத்தில் “டிரான்குவிலிட்டி பேஸ் ஹியர்” என்று இடப்பெயரைத் தியில்லாமல் சொல்லியிருக்கிறார்.

இனி ‘ஹிம்’. இந்த வாக்கியத்தைத் தமிழில் இயல்பாகச் சொன்னால், “மனிதனை நிலவில் இறக்கிப் பாதுகாப்பாகப் பூமிக்குத் திருப்பிக் கொண்டுவருவது”. ‘அவனை’ என்ற சொல் எங்கே? தேவைப்படவில்லை. தமிழில் செயப்படுபொருள் தெரிந்ததாக இருந்தால் விட்டுவிடுவோம். ஆங்கிலம் விடாது. “ரிட்டர்னிங் சேஃப்லி” என்று ‘ஹிம்’ இல்லாமல் சொன்னால், நாடே நிலவுக்குப் போய்த் திரும்பி வருவதாக ஆகிவிடும். தமிழர் எழுதும் ஆங்கிலத்தில் கண்ணில் படாமல் நழுவும் பிழை இதுதான். “நேற்று ஒரு ஃபோன் வாங்கினேன், பஸ்ஸில் தொலைத்துவிட்டேன்” என்பது “ஐ பாட் எ ஃபோன் யெஸ்டர்டே பட் லாஸ்ட் இன் தி பஸ்” என்று வந்துவிடும். ‘லாஸ்ட் இட்’ வேண்டும். “படிவத்தை இணைத்திருக்கிறேன், கையெழுத்திட்டு அனுப்பவும்” என்பதில் ‘சைன்’ ஓர் ‘இட்’ கேட்கும். எழுதி முடித்ததும் வினைச்சொற்களை ஒவ்வொன்றாகத் தொட்டு ‘எதை?’ என்று கேட்டால் போதும். பதில் வாக்கியத்தில் அச்சாகியிருக்கிறதா, நம் தலைக்குள் மட்டும் இருக்கிறதா என்பது உடனே தெரியும்.

எழுவாயிலும் இதே கதை. “மழை பெய்கிறது” என்பதில் மழைதான் எழுவாய். “இட் இஸ் ரெய்னிங்” என்பதில் ‘இட்’ எதையும் குறிக்கவில்லை, இடம் காலியாக இருக்கக் கூடாது என்பதற்காக உட்கார வைத்த பொம்மை. மறுகோடியில், “மை ஃபாதர் ஹி இஸ் எ ஃபார்மர்” என்று ஒரே இடத்தில் இரண்டு பேரை உட்கார வைப்பதும் உண்டு. ‘அப்பா’ உட்கார்ந்த பிறகு ‘ஹி’க்கு இடமில்லை.

‘இட்செல்ஃப்’ பற்றிச் சுருக்கமாக. எழுவாயும் செயப்படுபொருளும் ஒரே ஆளாக இருந்தால் ‘செல்ஃப்’. நாடு தன்னையே ஈடுபடுத்திக்கொள்கிறது, ஆகவே ‘இட்செல்ஃப்’. நாடு அவனைத் திருப்பிக் கொண்டுவருகிறது, ஆகவே ‘ஹிம்’, ‘ஹிம்செல்ஃப்’ அல்ல. தமிழில் தன்னை/அவனை என்ற வேறுபாடு கிட்டத்தட்ட இதேதான், ‘தன்’ வருமிடத்தில் ‘செல்ஃப்’ என்று நினைவில் வைக்கலாம். “மைசெல்ஃப் குமார்” என்று அறிமுகம் செய்துகொள்வதற்கு இந்த விதியில் இடமே இல்லை. நேரில் “ஐ ஆம் குமார்”, தொலைபேசியில் “திஸ் இஸ் குமார்”.

‘ஹிம்’முக்கு வேறொரு சிக்கலும் உண்டு. தமிழில் ‘அவர்’ என்றால் ஆணா பெண்ணா என்று சொல்ல வேண்டியதில்லை, ஆங்கிலத்தில் தெரிந்த ஓர் ஆளைப் பற்றிப் பேசும்போது ஹி, ஷி என்று பிரிக்க வேண்டும். வேகமாகப் பேசும்போது இரண்டும் இடம் மாறி, அம்மா ‘ஹி’ ஆகிவிடுவது இதனால்தான். மரியாதைக்காக ‘அவங்க’ என்பதை ‘தே’ ஆக்குவது இன்னொரு தவறு. ஆங்கிலப் பிரதிப்பெயரில் மரியாதைப் பன்மை இல்லை. ஆள் யாரென்று தெரியாதபோதும் பால் குறிப்பிட விரும்பாதபோதும் ஒருமைக்கு ‘தே’ சரி: “சம்ஒன் ஹாஸ் லெஃப்ட் தேர் அம்ப்ரெல்லா.” கென்னடியின் ‘எ மேன்… ஹிம்’ இன்று எழுதப்பட்டால் ‘எ பெர்சன்… தெம்’ என்று வரக்கூடும். நாசாவே இப்போது ‘மேன்ட்’ என்பதை விட்டு ‘குரூட்’, ‘ஹியூமன்’ என்று எழுதுகிறது.

‘தட்’டும் இரண்டு ‘ஒன்’னும்

ஆம்ஸ்ட்ராங் “தட்ஸ்” என்று தொடங்கினார். அவர் கால் அந்த இடத்திலேயே இருக்கிறது. நாம் என்றால் ‘இது’ என்போம், தமிழ் மொழிபெயர்ப்புகளிலும் ‘இது’ என்றே வரும். ஆங்கிலத்தில் செய்து முடித்த கணமே ஒரு செயல் கொஞ்சம் தள்ளிப் போய்விடுகிறது. பாட்டு முடிந்ததும் “தட் வாஸ் லவ்லி”, சாப்பிட்டு எழுந்ததும் “தட் வாஸ் குட்”. இனி சொல்லப் போவதற்கு ‘திஸ்’: “லிசன் டு திஸ்.” தூரத்தை மட்டும் வைத்து இது/அது பிரிக்கும் நமக்கு, நடந்ததா நடக்கப் போகிறதா என்ற இந்தக் கணக்கு புதிது.

அலுவல் எழுத்தில் ‘திஸ்’ செய்யும் தொல்லை வேறு. “பம்ப் பழுதானது, தொட்டி வழிந்தது” என்று இரண்டு செய்தி சொல்லிவிட்டு “திஸ் வாஸ் நாட் ரிப்போர்ட்டட்” என்று எழுதினால், எதைத் தெரிவிக்கவில்லை? பழுதையா, வழிந்ததையா? ‘திஸ்’ஸை அடுத்து ஒரு பெயர்ச்சொல்லைப் போட்டால் தீர்ந்தது: ‘திஸ் ஓவர்ஃப்ளோ’. பிரதிப்பெயராகத் தனியே நின்றது டிடர்மினராக மாறிவிடும், சந்தேகம் போய்விடும்.

‘ஒன்’ நமக்கு இன்னும் ஆபத்தானது. தமிழில் ‘ஒரு’ என்பது ‘எ’ வேலையையும் ‘ஒன்’ வேலையையும் சேர்த்தே செய்யும். அதனால் “ஐ ஹாவ் ஒன் டவுட்”, “ஒன் மேன் கேம் டு மீட் யூ” என்று வந்துவிடுகிறது. கேட்கும் ஆங்கிலேயருக்கு அது எண்ணிக்கைபோல ஒலிக்கும். ஒரே ஓர் ஆள்தானா, மற்றவர்கள் எங்கே என்பதுபோல. ஆம்ஸ்ட்ராங்கின் இரண்டு ‘ஒன்’னும் தெரிந்தே போட்ட எண்ணிக்கை: ஓர் அடி, ஒரு பாய்ச்சல், இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர். ‘எ ஸ்மால் ஸ்டெப்’ என்றிருந்தாலும் இலக்கணம் பிழைக்காது, அழுத்தம் போய்விடும். சோதனை எளிது. ‘ஒன்’ இருக்குமிடத்தில் ‘இரண்டல்ல, ஒன்று’ என்று சொல்ல விரும்புகிறோமா? ஆம் என்றால் ‘ஒன்’, இல்லை என்றால் ‘எ’.

‘எ’வா ‘ஆன்’னா என்பதில் தமிழருக்குச் சிரமமே இருக்கக் கூடாது. ஒரு மனிதன், ஓர் ஊர் என்று நாமும் ஒலி பார்த்துத்தான் மாற்றுகிறோம். கண்ணில் படும் எழுத்தைப் பார்க்காமல் வாயில் வரும் ஒலியைப் பார்த்தால் சரி: ‘ஆன் அவர்’, ‘எ யூனிவர்சிட்டி’, ‘ஆன் எம்.பி.ஏ.’, ‘எ யூ.எஸ். ஃபிளாக்’, ‘ஆன் அமெரிக்கன் ஃபிளாக்’. நிலவில் இறங்கிய கலத்தின் சுருக்கெழுத்து எல்.எம். எழுத்தெழுத்தாகப் படித்தால் ‘ஆன் எல்.எம்.’ என்று வரும். விண்வெளி வீரர்கள் அதை ‘லெம்’ என்று ஒரே சொல்லாகச் சொன்னார்கள், அப்படியானால் ‘எ லெம்’.

ஏணியில் மாட்டிய பலகை

கலத்தின் கீழ்ப்பகுதி நிலவிலேயே நிற்கிறது. அதன் ஏணியில் பொருத்திய உலோகப் பலகையில் இருப்பது: “ஹியர் மென் ஃப்ரம் தி பிளானட் எர்த் ஃபர்ஸ்ட் செட் ஃபுட் அபான் தி மூன், ஜூலை 1969, ஏ.டி. வி கேம் இன் பீஸ் ஃபார் ஆல் மேன்கைண்ட்.” கீழே மூன்று வீரர்களும் அதிபர் நிக்சனும் இட்ட கையெழுத்து.

“மென்” முன்னால் எதுவும் இல்லை. பன்மையில், யார் என்று குறிப்பிடாமல் சொல்லும்போது ஸீட் காலியாக இருக்கலாம். ‘எ’வுக்குப் பன்மை வடிவம் கிடையாது என்பதே காரணம். ‘தி மென்’ என்றிருந்தால் படிப்பவர் ‘எந்த மனிதர்கள்?’ என்று திரும்பிப் பார்ப்பார். “செட் ஃபுட்” என்பதில் ‘ஃபுட்’ ஒருமை, எண்ணக்கூடியது, ஆனாலும் வெறுமனே நிற்கிறது. இது உறைந்துபோன தொடர். ‘ஆன் ஃபுட்’, ‘பை ஹேண்ட்’, ‘கோ டு பெட்’ போலப் பாடமாக்கிக்கொள்ள வேண்டியது. தொடராக இல்லாமல் இயல்பாகச் சொல்லும்போது ஆங்கிலம் உடலுறுப்புக்கு உடைமைச் சொல் கேட்கும்: ‘ஹி புட் ஹிஸ் லெஃப்ட் ஃபுட் டவுன்’. தமிழில் ‘காலை வைத்தான்’ என்றால் யார் கால் என்று கேட்பவர் இல்லை. (கால் என்பதை ‘லெக்’ என்று எழுதுவது தனிச் சிக்கல். பாதம் மட்டும் என்றால் ‘ஃபுட்’.)

‘மேன்கைண்ட்’ எண்ண முடியாத சொல், தியும் ஏற்காது. “ஆல் மேன்கைண்ட்” சரி, ‘ஆல் தி மேன்கைண்ட்’ தவறு. 1967இன் விண்வெளி ஒப்பந்தத்திலும் “தி பிராவின்ஸ் ஆஃப் ஆல் மேன்கைண்ட்” என்றே இருக்கிறது. ‘ஆல்’ மற்ற டிடர்மினர்களுக்கு முன்னால் நிற்கக்கூடிய சிலவற்றில் ஒன்று: ‘ஆல் தி மென்’, ‘ஆல் மை ஃபிரண்ட்ஸ்’. ஆனால் எ, தி, திஸ், மை ஆகியவை ஒரே ஸீட்டுக்குப் போட்டியிடுபவை. ‘என் இந்த ஃபோன்’ தமிழில் சரி. ‘மை திஸ் ஃபோன்’ ஆங்கிலத்தில் ஒரு ஸீட்டில் இருவர். ஒருவரைப் பின்னால் அனுப்ப வேண்டும்: ‘திஸ் ஃபோன் ஆஃப் மைன்’.

அடுத்து ‘வி’. நாமா, நாங்களா? ஆங்கிலம் பதில் சொல்லாது. பலகையைப் படிப்பவர் பிற்கால மனிதர் என்றால் அவரையும் சேர்த்து ‘நாம்’, வேற்றுலகத்தவர் என்றால் ‘நாங்கள்’. கையெழுத்துகளை வைத்துப் பார்த்தால் ‘நாங்கள்’ பொருந்தும். தமிழில் பெயர்க்கிறவர் ‘வந்தோம்’ என்று வினையை மட்டும் போட்டுத் தப்பித்துவிடலாம். ஆங்கிலத்தில் அலுவலகக் கடிதம் எழுதும்போது அந்தத் தப்பித்தல் கிடையாது. ‘வி வில் பே’ என்றால் எங்கள் நிறுவனமா, இரு தரப்புமா? பணம் பற்றிய வாக்கியத்தில் ‘வி’க்குப் பதில் பெயரை எழுதுவது நல்லது.

சூழல் கைகொடுக்காத இடம்

ஆம்ஸ்ட்ராங்கின் வாக்கியம் தப்பித்ததற்குக் காரணம், சிறு அடி, பெரும் பாய்ச்சல் என்ற எதிர்நிலை விடுபட்டதை நிரப்பிவிட்டது. எல்லா எழுத்துக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1967 நவம்பர் 22 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 242ஆம் தீர்மானம், “டெரிட்டரிஸ் ஆக்குபைட் இன் தி ரீசன்ட் கான்ஃப்ளிக்ட்” (அண்மை மோதலில் பிடிக்கப்பட்ட பகுதிகள்) என்பவற்றிலிருந்து இஸ்ரேலியப் படைகள் விலகுவதைப் பேசுகிறது. ‘டெரிட்டரிஸ்’ முன்னால் ‘தி’ இல்லை. எல்லாப் பகுதிகளுமா, சில பகுதிகளா என்ற வாதம் இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. பிரெஞ்சு வடிவத்தில் உள்ள ‘தே டெரிட்டுவார்’ என்பதை ‘அந்தப் பகுதிகளிலிருந்து’ என்றும் படிக்க முடிவதால் வாதம் இரண்டு மொழிக்கும் இடையிலானதாகவும் ஆனது. பன்மையில் ‘தி’ போட்டால் பேசப்படுவதன் முழுத் தொகுதி, போடாவிட்டால் எவ்வளவு என்று சொல்லாத தொகுதி. “ரிட்டர்ன் தி டாக்குமென்ட்ஸ்” என்று கேட்டால் கொடுத்த எல்லா ஆவணங்களும் வர வேண்டும்.

தமிழ் வாக்கியத்தில் வைத்துப் பார்ப்பது

“நேத்து ஆபீஸுக்குப் புது மேனேஜர் வந்தாங்க. அவங்க பேக்ல லேப்டாப் இருந்துச்சு.” தமிழில் இதில் ஆர்ட்டிக்கிளுக்கு ஈடாக ஒன்றுமில்லை. நேராக மாற்றினால் வருவது: “நியூ மேனேஜர் கேம் டு ஆபீஸ் யெஸ்டர்டே. தே ஹாட் லேப்டாப் இன் பேக்.” இதைத் திருத்த, பெயர்ச்சொற்களை மட்டும் அடிக்கோடிட வேண்டும்: மேனேஜர், ஆபீஸ், லேப்டாப், பேக். ஒவ்வொன்றிடமும் கேள்விகளை இந்த வரிசையில் கேட்க வேண்டும். தனிப்பெயரா? இல்லை. எண்ணக்கூடிய ஒருமையா? நான்குமே ஆம், ஆகவே ஸீட் காலியாக இருக்கக் கூடாது. யாருடையது என்று சொல்ல வேண்டுமா? பேக்குக்கு ஆம். கேட்பவருக்கு எது என்று தெரியுமா? ஆபீஸ் தெரியும், மேனேஜரும் லேப்டாப்பும் தெரியாது. “எ நியூ மேனேஜர் கேம் டு தி ஆபீஸ் யெஸ்டர்டே. ஷி ஹாட் எ லேப்டாப் இன் ஹெர் பேக்.” கேள்வி வரிசையை மாற்றி ‘எ’வா ‘தி’யா என்பதில் தொடங்கினால் குழப்பம்தான் மிஞ்சும். அது கடைசிக் கேள்வி.

அந்தக் கடைசிக் கேள்விக்கு நம் மொழியிலேயே ஒரு சாவி இருக்கிறது: இரண்டாம் வேற்றுமை. ‘புத்தகம் வாங்கினேன்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம், ‘எ புக்’. ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்றால் இருவருக்கும் தெரிந்த புத்தகம், ‘தி புக்’. ‘பால் குடித்தான்’ வெறும் ‘மில்க்’, ‘பாலைக் குடித்தான்’ ‘தி மில்க்’. அஃறிணைச் செயப்படுபொருளில் ‘ஐ’ தானாக நாக்கில் வந்தால் பெரும்பாலும் ஆங்கிலத்தில் ‘தி’ வரும். பேச்சு வழக்கை வைத்துத்தான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும், இலக்கண நடைக்காக நாமாகச் சேர்க்கும் ‘ஐ’ ஏமாற்றிவிடும்.

உயர்திணையில் சாவி செல்லாது. ‘பையனைப் பார்த்தேன்’, ‘ஒரு பையனைப் பார்த்தேன்’ இரண்டிலும் ‘ஐ’ கட்டாயம். கென்னடி வாக்கியத்தைத் தமிழில் ‘மனிதனை நிலவில் இறக்கி’ என்று பெயர்க்கும்போது அவருடைய ‘எ’ காணாமல் போவது இதனால்தான். ‘ஒரு மனிதனை’ என்று எழுதினால் மட்டுமே அது நிற்கும்.

ஆம்ஸ்ட்ராங் வாக்கியத்தைப் பெயர்ப்பவருக்கும் அதே இடத்தில் சங்கடம். ‘மனிதனுக்கு இது ஒரு சிறு அடி’ என்றால் உலகம் கேட்ட பதினொரு சொல்லுக்கு அது நேர்மையாக இருக்கும். ‘ஒரு மனிதனுக்கு இது ஒரு சிறு அடி’ என்றால் அவர் நினைத்த பன்னிரண்டுக்கு நேர்மை, ஆனால் இரண்டு ‘ஒரு’ இடித்துக்கொள்ளும். ‘தனிமனிதனுக்கு இது சிறு அடி, மனிதகுலத்துக்குப் பெரும் பாய்ச்சல்’ என்று எழுதும்போது ‘ஒரு’வே இல்லாமல் வாக்கியம் நேராகிறது. அந்தத் ‘தனி’தான் அவர் விழுங்கிய ‘எ’.